யாராச்சும் பிரச்சின பண்ணுவாங்க

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் ஒரே வீட்டுக்குள்ள முப்பது பேருக்கு மேல இருந்தோம். உள்ளே இடம் போதாமல் சின்னப் பிள்ளைகள் இஸ்தோப்பில் நின்று ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார்கள். காரணம் ஒன்றுதான்: நாங்க டிவியில வரப்போறோம். பூண்டுலோயா, ரம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த ஏழு பேரும், எங்களோடு வந்த கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவரும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் கொழும்பிலிருந்து ஒரு தமிழ் அலைவரிசையின் வேன் வந்தது. தலைப்பு ‘மலையக இளைஞர்களின் கனவுகளும் சவால்களும்’ மாதிரி ஏதோ ஒன்று. ஒரு மண்டபத்தில் எங்களை உட்கார வைத்து இரண்டரை மணி நேரம் பேச விட்டார்கள். உண்மையாகவே நல்லாப் பேசினோம். சம்பளத்தில் மாசாமாசம் பிடிக்கிற தொழிற்சங்கச் சந்தாவுக்கு யார் கணக்குக் காட்டுறது என்று ஒருவன் கேட்டான். கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்கணும் என்று இன்னும் எழுதாத சட்டம் ஒன்று இருப்பதைப் பற்றி ஒருத்தி பேசினாள். அந்த அக்கா பேசினதுதான் எல்லாவற்றையும் விட நல்லா இருந்தது. காலையில் மலைக்கு ஏறினால் மலையில் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது, அதனால தண்ணி குடிக்கிறதையே குறைச்சிட்டோம், அதனால என்னென்ன நோய் வருதுன்னு தெரியுமா என்று கெமராவை நேராகப் பார்த்துக் கேட்டார். கெமராக்காரர்கூட அப்போ தலையைக் குனிந்துகொண்டார்.

நிகழ்ச்சி விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம் ஓடியது. சந்தா இல்லை. கோயில் இல்லை. கக்கூஸும் இல்லை. படிச்சா முன்னேறலாம், போதைக்குப் போகாதீங்க, தாய்மாரை மதிங்க, இதெல்லாம் இருந்தது. இவையும் நாங்க சொன்னதுதான், பொய் இல்லை. ஆனால் ஒரு விசயம் எங்களை உலுக்கிவிட்டது. அக்கா நிகழ்ச்சி முழுக்க இருந்தார், குரல் மட்டும் இல்லை. யாரோ ஒருத்தர் “நம்ம பக்கத்துலயும் தவறு இருக்கு” என்று சொல்லும்போது அக்கா தலையாட்டுவது போல ஒரு காட்சி வந்தது. வேறெங்கேயோ வேறெதுக்கோ ஆட்டின தலையைக் கொண்டுவந்து அங்கே ஒட்டியிருந்தார்கள். அக்கா டிவியைப் பார்த்து, “நான் எப்ப இதுக்குத் தலையாட்டுனேன்?” என்று கேட்டார். வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வெட்டாமல் விட்ட ஒன்றையும் சொல்லணும். அறிவிப்பாளர் எங்களில் ஒருத்தியைப் பார்த்து, “தோட்டத்துல இருந்து வந்து இவ்வளவு அழகாத் தமிழ் பேசுறீங்களே!” என்று ஆச்சரியப்பட்டார். அது முழுசா வந்தது. கைதட்டலோடு வந்தது.

அடுத்த நாள் தயாரிப்பாளருக்குப் போன் எடுத்தோம். நல்ல மனுசன், எரிச்சல்படவில்லை. “தம்பி, மேல இருந்து யாரும் எதுவும் சொல்லல. சத்தியமா. நாங்களேதான் எடுத்துட்டோம். போட்டா யாராச்சும் பிரச்சின பண்ணுவாங்க” என்றார். “யாரு சேர்?” என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். “யாராச்சும்” என்றார்.

எந்த அலைவரிசை என்று இங்கே சொல்லப் போவதில்லை. வேற எதுவா இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். அந்த ‘யாராச்சும்’ யார் என்று தேடினதுதான் இந்தக் கட்டுரை.

தணிக்கை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அரசாங்கமும் கத்திரிக்கோலும்தான். அது கதை இல்லை, இந்த நாட்டில் நிஜமாகவே நடந்தது. 1998 ஜூனில் போர்ச் செய்திகளுக்கு அரசு நேரடித் தணிக்கை கொண்டுவந்தது. சினிமாவுக்கும் மேடை நாடகத்துக்கும் 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றின் கீழ் ஒரு சபை இருக்கிறது, அது பார்த்துச் சரி சொன்னால்தான் காட்டலாம். ஆனால் எங்களுடையது மாதிரி ஒரு கலந்துரையாடலை ஒளிபரப்புக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டி முத்திரை வாங்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. இந்தியாவிலும் சினிமாவுக்குத்தான் தணிக்கைச் சான்றிதழ், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு முன்தணிக்கை கிடையாது. 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டத்தில் நிகழ்ச்சி விதிகள் இருக்கின்றன, மீறினால் பிறகு நோட்டீஸ் வரும். அவ்வளவுதான். அப்படியென்றால் அக்காவின் குரலை வெட்டின கத்திரிக்கோல் சட்டத்துடையது இல்லை. பயத்துடையது.

அந்தப் பயத்துக்கு ஒரு அடித்தளம் இருக்கிறது. எங்களுக்கு மேலே, நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீதுருதாலகால மலை இருக்கிறது. 2524 மீட்டர், இலங்கையின் ஆக உயரமான இடம். அதன் உச்சியில்தான் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தொடங்கியது. எங்கள் மலையிலிருந்துதான் நாடு முழுக்கப் படம் போகிறது, ஆனால் அந்தப் படத்துக்குள் நாங்கள் வருவது தீபாவளிக்கும் தேர்தலுக்கும்தான் என்று எங்கள் ரியூசன் சேர் ஒருவர் அடிக்கடி சொல்வார். பிறகு தனியார் அலைவரிசைகள் வந்தன. அவற்றுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் அமைச்சரிடம் போனது. 1997இல் ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் ஒன்று வந்தபோது உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது. அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுயாதீனமாக இருக்கணும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது. அந்தச் சுயாதீன அமைப்பு மட்டும் வரவில்லை. ஆக, ஒரு தொலைக்காட்சிக்காரர் எதைச் செய்தால் சரி, எதைச் செய்தால் பிழை என்று சொல்ல நம்பிக்கையான ஒரு இடம் இல்லை. விதி தெளிவா இல்லாத இடத்தில் எல்லாரும் வேலிக்கு ரொம்ப உள்ளேயே நடப்பார்கள்.

சின்ன உதாரணம் ஒன்று. நம்ம ஊர் அலைவரிசையில் ரஜினி படம் பார்த்திருப்பீங்க. சிகரெட் வருகிற இடத்தில் வாய்க்கு முன்னால் ஒரு மங்கலான உருண்டை மிதக்கும். புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது. அதே படத்தை டிஷ்ஷில் சென்னை அலைவரிசையில் பார்த்தால் சிகரெட் தெரியும், கீழே புகை பிடித்தல் கேடு என்று ஒரு வரி ஓடும். ஒரே படம், ஒரே வீடு, ரிமோட்டில் இரண்டு நம்பர். சுகாதார நோக்கம் நல்லதுதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த உருண்டை சிகரெட்டோடு நிற்கவில்லை. சாராய போத்தல், வைன் கிளாஸ் என்று ஆரம்பித்து, சில நேரம் என்னத்த மறைக்கிறாங்க என்றே தெரியாத அளவுக்குப் பெருசாகும். எடிட்டிங் அறையில் இருக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் கையில் இருக்கிற மருந்து அது ஒன்றுதான். அதிகமா மறைச்சதுக்கு யாரும் தண்டனை வாங்கினதில்லை.

சிகரெட்டுக்காவது சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டமே இல்லாமல் வருகிற பயம்தான் பெருசு. 2010 மார்ச் 22 அன்று கொழும்பில் நடந்ததைப் பாருங்க. பாடகர் ஏகொன் இலங்கைக்கு வருவதாக இருந்தது. அவர் பாடின ஒரு காணொளியில் நீச்சல் தடாகத்துப் பார்ட்டியில் பின்னால் ஒரு புத்தர் சிலை தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அந்த இசை நிகழ்ச்சிக்கு ஊடக அனுசரணை கொடுத்தது சிரச. ஒரு கூட்டம் வந்து அந்த நிறுவனத்தின் தலைமையகத்துக்குக் கல்லெறிந்தது. ஊழியர்கள் காயப்பட்டார்கள், வாகனங்கள் உடைந்தன. நம்ம வீடுகளில் பார்க்கிற சக்தி டிவியும் அதே நிறுவனத்துடையதுதான். இரண்டு நாளில் ஏகொனுக்கு விசா இல்லை என்று அரசு அறிவித்தது. அதற்கு முந்தின வருசம், 2009 ஜனவரி 6 அன்று, பன்னிப்பிட்டியவில் அதே நிறுவனத்தின் கலையகத்துக்குள் ஆயுதங்களோடு ஒரு கும்பல் புகுந்து தாக்கியிருந்தது. இதையெல்லாம் பார்த்த ஒரு தயாரிப்பாளர், ஒரு எடிட்டர், ஒரு வாசல் காவலாளி, நாளைக்கு என்ன யோசிப்பார்? அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு மனசு வரல. கல் விழுந்தால் தலை உடையறது முதலாளிக்கு இல்லை, வேலைக்காரனுக்கு.

நாங்க தினமும் பார்க்கிற தமிழ்நாட்டு அலைவரிசைகளும் இதே கதைதான். 2015இல் மகளிர் தினத்தன்று புதிய தலைமுறை தொலைக்காட்சியில் தாலி பற்றி ஒரு விவாதம் வருவதாக இருந்தது. தாலி பெண்ணுக்குப் பெருமையா, சுமையா என்ற மாதிரிக் கேள்வி. அதைத்தான் நம்ம லயத்தில் அம்மாமார் தண்ணிப் பீலியில் நின்று தினமும் பேசுறாங்க, குடிகாரப் புருசனை ஏசும்போது. முன்னோட்டம் வந்ததுமே இந்து அமைப்புகள் எதிர்த்தன. மார்ச் 8 அன்று அலுவலகத்துக்கு வெளியே ஒளிப்பதிவாளர் தாக்கப்பட்டார். நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அப்படியும் விடவில்லை. மார்ச் 12 அதிகாலை சென்னையில் இருக்கிற அந்த அலுவலகத்தின் மீது டிபன் பாக்ஸில் செய்த நாட்டு வெடிகுண்டுகளை எறிந்தார்கள். நல்லவேளை யாருக்கும் காயமில்லை. கவனிங்க, நிகழ்ச்சியை நிறுத்தின பிறகுதான் குண்டு விழுந்தது. பயந்தால் விட்டுவிடுவார்கள் என்பதும் உண்மையில்லை.

2022 ஜனவரியில் ஜீ தமிழில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி. இரண்டு சின்னப் பிள்ளைகள் ராஜா, மந்திரி வேசம் போட்டுப் பணமதிப்பிழப்பைக் கிண்டல் பண்ணினார்கள். பிரதமர் பெயரை அவர்கள் சொல்லவில்லை. பாரதிய ஜனதாக் கட்சியிலிருந்து புகார் போனது, ஒன்றிய அமைச்சு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் பகுதி இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. எங்க தோட்டத்துப் பிள்ளைகள் அதை வட்ஸ்அப்பில் ஏற்கனவே பத்துத் தடவை பார்த்திருந்தார்கள் என்பது வேற கதை.

இப்படி ஒவ்வொன்றாக எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. பெரும்பான்மை மதம், ஆளும் கட்சி, பெரிய சாதி, பெரிய சங்கம், விளம்பரம் கொடுக்கிற கம்பனி. தொலைக்காட்சிகள் பயப்படுகிற ஆட்களின் பட்டியல் இதுதான். கூட்டம் சேர்க்கக் கூடியவர்கள், கல்லெறியக் கூடியவர்கள், ஒரு போன் எடுத்தால் விளம்பரத்தை நிறுத்தக் கூடியவர்கள். மக்கள் கோபப்படுவார்கள் என்று அவர்கள் சொல்வதில் ‘மக்கள்’ என்பது எல்லாரும் இல்லை. யாருடைய கோபத்துக்கு விலை இருக்கிறதோ அவர்கள்தான்.

அந்தப் பட்டியலில் நாங்கள் இல்லை. அதனால்தான் “தோட்டத்துல இருந்து வந்து இவ்வளவு அழகாத் தமிழ் பேசுறீங்களே” வெட்டப்படவில்லை. அதைப் போட்டால் யாராச்சும் பிரச்சின பண்ணுவாங்க என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோணவில்லை. ஒரு தொழிற்சங்கம் சந்தாவுக்காகக் கோபப்படலாம், ஒரு கம்பனி கக்கூஸுக்காகக் கோபப்படலாம். கொழுந்துக் கூடையோடு நிற்கிற அக்கா கோபப்பட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சினிமாவிலும் நாடகத்திலும் தோட்டத்து ஆள் என்றால் குடிகாரன், ஏமாளி, பேசத் தெரியாதவன். சிங்கள நாடகத்தில் உடைந்த சிங்களம், தமிழ் நாடகத்தில் உடைந்த தமிழ். 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது நம்ம தாத்தாமார் கோபப்படாமலா இருந்தார்கள்? அந்தக் கோபத்துக்கும் அப்போ விலை இல்லை. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடையின்போது எங்களில் இரண்டு பேர் போயிருந்தோம். வழியில் ஊர் ஊராகச் சனங்கள் தண்ணி கொடுத்தார்கள், சிங்களவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும். ராத்திரி போனில் செய்தி தேடினோம். எங்கள் கால் கொப்புளம் அளவுக்குக்கூட இடம் இல்லை.

அப்படின்னா நாமும் கூட்டம் சேர்த்துக் கல்லெறியலாமா? எங்களுக்குள் இந்த வாதம் ஒரு ராத்திரி முழுக்க நடந்தது. “பயந்தாத்தான் மதிப்பான்” என்றான் ஒருவன். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பார்வையாளர் கோபமே பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2017இல் விஜய் டிவியின் நீயா நானாவில் தமிழ்ப் பெண்களா, கேரளப் பெண்களா, யார் அழகு என்று ஒரு தலைப்பு வந்தது. முன்னோட்டம் பார்த்துப் பெண்கள் பலர் கொதித்து எழுதினார்கள். அது ஒளிபரப்பாகவில்லை. எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அங்கே யாரும் யாருடைய தலையையும் உடைக்கவில்லை. இது ஏன் கேவலம் என்று பேர் போட்டு எழுதினார்கள், பதில் சொல்ல இடம் இருந்தது. விமர்சனம் எதிராளியை யோசிக்க வைக்கும், மிரட்டல் யோசிக்க விடாது. கல்லெறிந்து நாங்கள் அந்தப் பட்டியலில் ஏறினால், நாளைக்கு எங்களைப் பற்றியும் உண்மை பேச எல்லாரும் பயப்படுவார்கள். எங்களுக்குள் இருக்கிற அழுக்கைப் பற்றியும்தான்.

அந்த அழுக்குக்கு இப்போ வருவோம்.

டிவிக்காரனை நம்பி என்ன, நாமே எடுப்போம் என்று முடிவு பண்ணினோம். கொத்மலைக்கு இது புது யோசனை இல்லை. நீர்த்தேக்கத்துக்காகக் காணி இழந்து இடம்பெயர்ந்த சனங்களை மனசில் வைத்து 1989இல் இங்கேதான் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. பத்து வருசம் கழித்து யுனெஸ்கோவின் உதவியோடு அதற்கு இணையமும் வந்தது. சனங்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொன்னார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத காலத்தில் உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன விசயம் அது. பேர் சமூக வானொலி என்றாலும் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துடையது, அதாவது அரசாங்கத்துடையது. அரசாங்கச் சொத்தில் உட்கார்ந்து எவ்வளவு பேசலாம் என்ற கணக்கு அங்கேயும் இருந்திருக்கும். எங்களுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று நினைத்தோம். உரிமம் இல்லை, முதலாளி இல்லை, விளம்பரம் இல்லை. கையில் இரண்டு போன், ஒரு பழைய லெப்டொப்.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவைப் பற்றி இருபது நிமிசப் படம் எடுத்தோம். அதில் தப்பு அடிக்கிற ஒரு மாமாவிடம் பேசினோம். முன்பெல்லாம் விடியக்காலையில் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவார்கள், அவருடைய தாத்தா அடித்தவர். எங்களில் பாதிப் பேர் அவரை மாமா என்போம். மீதிப் பேருடைய வீடுகளில், அறுபது வயசு தாண்டின அவரைச் சின்னப் பிள்ளைகளும் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அவர் தப்பைக் காய வைத்துக்கொண்டே ரொம்ப அமைதியாச் சொன்னார்: “சாமிய எழுப்புறது நாங்க. எழும்புன சாமிய உள்ள போய்ப் பாக்குறது அவுங்க. நாங்க வாசலோட சரி.” ஒரு நிமிசமும் சில்லறையும் வரும். படத்தின் உயிரே அதுதான் என்று எடுத்த அன்றே எங்களுக்குத் தெரியும்.

எடிட் பண்ண உட்கார்ந்தோம். திருவிழாவுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. கோயில் கமிட்டியில் இருப்பது யார்? எங்களுடைய அப்பாமார், சித்தப்பாமார். யாரும் எங்களை மிரட்டவில்லை, யாருக்கும் நாங்கள் படத்தைக் காட்டவும் இல்லை. “இது இப்ப வேணாமே, திருவிழா நேரத்துல யாராச்சும் பிரச்சின பண்ணுவாங்க” என்று எங்களில் ஒருவர் சொன்னோம். யார் சொன்னது என்று இப்போ கேட்டால் எல்லாரும் மற்றவரைக் காட்டுகிறோம். மாமா தப்பு அடிக்கிற காட்சியை வைத்துக்கொண்டோம். பேச்சை எடுத்துவிட்டோம். பின்னணிக்குப் பாட்டுப் போட்டோம்.

கொமினிட்டி ஹோலில் வெள்ளைச் சீலை கட்டிப் படத்தைப் போட்டோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கையில் பேத்தி. கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தார். படம் முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள், கமிட்டிக்காரர்கள்தான் ரொம்பச் சத்தமாகத் தட்டினார்கள். தேத்தண்ணி கொடுக்கும்போது மாமா பக்கத்தில் வந்து, “நல்லா இருந்துச்சு தம்பி. நான் பேசுனது சரியா விழல போல” என்றார். கெமராவில் பிழை என்று நினைத்துக்கொண்டார். இல்லையென்றால் எங்களுக்காக அப்படி நினைத்துக்கொண்ட மாதிரிக் காட்டினார். கோப்பையை வைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு ராத்திரி யாரும் யாரோடும் பேசவில்லை. தலையாட்டின அக்காவின் முகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அந்தத் தயாரிப்பாளரை நாங்கள் எவ்வளவு ஏசியிருந்தோம்! அவருக்காவது மாசச் சம்பளம், வீட்டு வாடகை, 2010இல் பார்த்த கல் இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது? வீட்டில் அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்ற பயம். அந்த விலைக்கு நாங்கள் மாமாவின் வாயை அடைத்திருந்தோம். தொலைக்காட்சி எங்கள் கோபத்தை எப்படிக் கணக்கில் எடுக்கவில்லையோ, அப்படியே நாங்கள் அவர் கோபத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. கமிட்டி பிரச்சின பண்ணும் என்று யோசித்த ஏழு பேரில் ஒருத்தருக்கும், மாமா பிரச்சின பண்ணுவார் என்று தோணவே இல்லை. பண்ணவும் இல்லை, “நல்லா இருந்துச்சு” என்றுதான் சொன்னார்.

ஒரு கிழமை கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். எங்களில் இரண்டு பேருக்கு அந்த லயத்துக்குள் போவது அதுதான் முதல் தடவை. ஒரே தோட்டம், நடந்தால் பத்து நிமிசம். வெட்டினதைச் சொன்னோம், கெமராவில் பிழை இல்லை என்று சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான் சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எங்களில் யார் குடிக்கிறோம் என்று பார்க்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரும் குடித்தோம்.

“திரும்பப் போடலாமா மாமா?” என்று கேட்டோம். அவர் ஓடி வந்து சரி சொல்வார் என்று நினைத்துப் போயிருந்தோம், அதையும் மறைக்காமல் சொல்லணும். அவர் சொன்னது வேற: “இப்ப வேணாம்ப்பா. தை மாசம் பெரிய பேத்திக்குக் கல்யாணம். அது முடியட்டும். அப்பறம் போடுங்க. போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒருக்கா காட்டுங்க.”

அவருக்கும் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் அவருடையது. கணக்குப் பார்த்தவர் அவர், நாள் குறித்தவர் அவர். நாங்களோ தயாரிப்பாளரோ அவருக்காகப் பயந்தது வேற. உங்களுக்கு ஆபத்து வரும் என்று சொல்லாமலே, உங்களைக் கேட்காமலே, உங்க பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடுறது வேற. தொலைக்காட்சிகளிடம் நாங்கள் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான். பயப்படாத வீரனா இருங்க என்று கேட்கவில்லை. வெட்டினால் வெட்டினதைச் சொல்லுங்க. யாருக்குப் பயந்து வெட்டினீங்க என்று சொல்ல முடியாவிட்டாலும், யாருடைய குரலை வெட்டினீங்களோ அவரிடம் முதலில் கேளுங்க. அவர் தலையை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருத்தர் பேச்சுக்கு ஆட்ட விடாதீங்க.

அந்தத் தயாரிப்பாளருக்கு மறுபடியும் போன் எடுத்தோம். ஏசுவதற்கு இல்லை. அக்கா பேசின பகுதியை எங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டோம். “பார்க்கிறேன் தம்பி” என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா, “அவன் தராட்டி என்ன, வா, திரும்பப் பேசுறேன்” என்கிறார். அடுத்த சனிக்கிழமை மழை இல்லாட்டி மலையிலேயே வைத்து எடுக்கப் போகிறோம்.

மாமாவின் ஒரு நிமிசம் லெப்டொப்பில் தனியா ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. அழிந்துவிடக் கூடாது என்று மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை எங்கள் ஏழு பேர் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் யார் வீட்டிலிருந்து போய் அங்கே சாப்பிடுவார்கள் என்பதுதான் இப்போ எங்கள் வீடுகளில் ஓடுகிற பிரச்சின.